மின்குமிழ் மினுங்குவது ஏன்? பூச்சியக் கடப்பும் பிந்திவரும் குறுக்கீடும்

சுன்னாகத்திலிருந்து வந்த கேள்வி, பெப்ரவரி 9, மாலை 6.50

கோழிமுட்டை அடைகாக்கும் பெட்டியொன்றைச் செய்து வருகிறேன். 60 வாட் மின்குமிழ்கள் நான்கின் வெப்பத்தை ட்ரயக் என்ற மின்னணு ஆளி ஒன்றினால் கூட்டிக் குறைக்கிறேன். ஆடலோட்டம் பூச்சியத்தைக் கடக்கும்போது எச்11ஏஏ1 ஒப்டோகப்ளர் (இரு பக்கத்தையும் மின்னால் தொடுக்காமல் ஒளியால் சைகை கடத்தும் சில்லு) ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியின் ஊசியொன்றுக்குத் துடிப்பை அனுப்பும். பைத்தன் நிரல் கணித்த தாமதத்துக்குப் பின்னர் எம்ஓசி3021 என்ற இன்னோர் ஒப்டோகப்ளர் ஊடாக ட்ரயக்கைத் தூண்டும். வெப்பநிலை 37.5 பாகையில் நிற்கிறது. ஆனால் மின்குமிழ்கள் ஓயாமல் மினுங்குகின்றன. வைஃபையில் கோப்பு இறங்கும்போது இன்னும் மோசம். 1.5 கிகாஹேர்ட்ஸ் வேகத்தில் நான்கு கருக்கள் ஓடும் கணினியால் செக்கனுக்கு 100 தடவை ஓர் ஊசியைத் தூண்ட முடியாதா? பைத்தனை விட்டு சி மொழிக்கு மாறினால் போதுமா?

பெப்ரவரி 9, இரவு 9.15

போதாது. சி மொழிக்கு மாறினால் மினுங்கல் குறையும், நிற்காது.

உங்கள் கணினியின் வேகம் தாராளமாகக் காணும். ஆனால் பருத்தித்துறை பஸ் எவ்வளவு பறந்து வந்தாலும் தரிப்பிடத்தில் நாம் காத்துநின்ற நேரம் காத்துநின்ற நேரம்தான். உங்கள் நிரலும் ஓடும் நேரத்தைவிடத் தன் முறை வருமட்டும் நிற்கும் நேரத்தையே அதிகம் செலவிடுகிறது. ஊசியில் வரும் துடிப்பு ஒரு குறுக்கீடு, அதாவது கையில் உள்ள வேலையை விட்டு என்னைக் கவனி என்று கருவிடம் கேட்கும் சைகை. அது வந்ததும் குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தி கருவொன்றைத் தட்டியெழுப்ப வேண்டும். இயங்குதளமான லினக்ஸின் மையப்பகுதி, கர்னல், அந்தக் குறுக்கீட்டைக் கவனிக்கும் தன் கையாளியை அழைக்க வேண்டும். கையாளி உங்கள் நிரலை எழுப்பும்படி சொல்ல வேண்டும். ஒதுக்கீட்டாளர் அதற்கு ஒரு கருவைக் கொடுக்க வேண்டும். அதன் பின்னரே பைத்தன் கண் விழிக்கிறது. இதில் ஒவ்வொரு படியிலும் வேறொருவர் முன்னால் நிற்கலாம். வைஃபைப் பொதிகள் வந்து குவியும்போது நிற்கிறார்.

கணக்கைப் பாருங்கள். 50 ஹேர்ட்ஸ் மின்னில் ஓர் அரையலை 10 மில்லி செக்கன், அதாவது 180 பாகை. நடுவில், 5 மில்லி செக்கனில் தூண்டினால் மின்குமிழுக்கு அரைவாசி வலு போகும். அதே தூண்டல் 1 மில்லி செக்கன் பிந்தினால் வலு 50 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 31 சதவீதத்துக்கு விழுகிறது. 100 மைக்ரோ செக்கன் பிந்தினால் 48 சதவீதம். முன்னையது கண்ணுக்கு நன்றாகத் தெரியும், பின்னையதும் ஒழுங்கற்று வந்தால் தெரியும். ஆகவே சராசரித் தாமதம் எவ்வளவு என்று பார்க்காதீர்கள். ஆயிரத்தில் ஒரு தடவை வரும் மிக மோசமான தாமதம் எவ்வளவு என்று பாருங்கள்.

கர்னலுக்குள் சாதன இயக்கி ஒன்றை எழுதுங்கள். ஊசியின் குறுக்கீட்டைக் கையாளி எடுக்கட்டும், உயர் துல்லிய ரைமரை முடுக்கிவிட்டு உடனே திரும்பட்டும். வெப்பநிலைக் கணக்கு, கோப்பில் பதிவது எல்லாம் பின்னர் சாவகாசமாக நடக்கட்டும். எங்கள் ஊரில் துலாவில் பட்டையால் இறைத்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டை பிடிக்கிறவர் தண்ணீரை வாய்க்காலில் கவிழ்த்துவிட்டுப் பட்டையைக் கிணற்றுக்குள் திருப்பி அனுப்புவார். வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறுவது வேறொருவரின் வேலை. பட்டை பிடித்தவரே பாத்திக்கு ஓடினால் துலா மேலே நடப்பவர் அந்தரத்தில் நிற்க வேண்டியதுதான். லினக்ஸில் முதலாமவரை மேற்பாதி என்றும் இரண்டாமவரைக் கீழ்ப்பாதி என்றும் சொல்வார்கள். திரெட் வடிவக் கையாளியை, அதாவது ஒதுக்கீட்டாளர் முறை கொடுக்கும்போது ஓடும் கையாளியை, பதிவுசெய்யும் வழி 2009 இல், 2.6.30 பதிப்பில் கர்னலுக்குள் வந்தது. அதைப் பயன்படுத்தினால் இரண்டு பாதியும் ஒழுங்காகப் பிரிந்துவிடும்.

பெப்ரவரி 9, இரவு 11.40

மேலே கடைசி வாக்கியத்தில் பிழை. திரெட் வடிவக் கையாளி இந்த வேலைக்கு உதவாது என்று படுத்த பின்னர்தான் உறைத்தது. ரைமரை முடுக்குவதைத் திரெட்டுக்குள் வைத்தால், திரெட் எழுப்பப்படும்வரை உள்ள தாமதம் அப்படியே தூண்டலில் ஏறிவிடும். பைத்தனை வாசலால் அனுப்பிவிட்டு அதன் சோம்பலைக் கொல்லைப்புறத்தால் கூட்டிவந்தது போலாகும். நேரத்தைக் குறிப்பதும் ரைமரை முடுக்குவதும் மேற்பாதியிலேயே நிகழ வேண்டும். எஞ்சியதற்கு மட்டும் திரெட்.

பெப்ரவரி 10, காலை 6.30

முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இப்போதுதான் கேட்கிறேன். வெப்பத்துக்கு எதற்காக அரையலையை நறுக்குகிறீர்கள்? பெட்டிக்குள் இருக்கும் காற்றும் முட்டையும் ஒரு செக்கனுக்குள் சூடாறிப்போகாது. பூச்சியத்தில் மட்டும் திறக்கும் எம்ஓசி3041 ஐப் போட்டு, செக்கனில் வரும் 100 அரையலைகளில் 40 ஐ முழுமையாக விட்டு 60 ஐ நிறுத்தினால் அதே 40 சதவீத வலு கிடைக்கும். நேரந்தவறாமை பற்றிய கவலையே வராது.

பெப்ரவரி 10, மாலை 7.05

கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார். அதே பலகையால் பெட்டியின் மின்விசிறி வேகத்தையும் கட்டுப்படுத்துகிறாராம். அதற்கு முழு அலைகளை விட்டு நிறுத்தினால் விசிறி விக்கல் எடுக்கிறது. தவிர, பெட்டி நிற்பது வீட்டு விறாந்தையில். செக்கனுக்கு ஒரு தடவை அணைந்து எரியும் வெளிச்சத்தில் அம்மாவால் இருக்க முடியவில்லையாம். இரண்டாவது காரணம் எனக்குத் தாராளமாகப் போதும். நறுக்குவதையே தொடருவோம்.

பெப்ரவரி 12, இரவு 10.20

இயக்கி எழுதப்பட்டுவிட்டது, மூலநிரலை எனக்கு அனுப்பியிருந்தார். பெரும்பாலும் நன்றாக ஓடுகிறது, ஆனால் தொடர் இணைப்பில் கணினியைக் கோத்து நிலைமையைப் பார்க்கும் வேளைகளில் மட்டும் மின்குமிழ் பேய் பிடித்தது போல ஆடுகிறதாம். நிரலைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. ஒவ்வொரு பூச்சியக் கடப்பின்போதும் கையாளிக்குள்ளிருந்தே கர்னல் செய்தியொன்றை அச்சிடுகிறார், தாமதம் எவ்வளவு என்று அறிவதற்காக.

தொடர் முனையம் 115200 வேகத்தில் ஓடினால் ஓர் எழுத்து வெளியேற 87 மைக்ரோ செக்கன் ஆகிறது. 80 எழுத்துள்ள வரியொன்றுக்கு ஏறத்தாழ 7 மில்லி செக்கன். உங்களிடம் இருப்பதோ 10. தாமதத்தை அளக்க எழுதிய வரிதான் தாமதத்தின் பெரும்பங்கு. நான் இதைச் சிரித்துக்கொண்டு எழுதவில்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் நானும் இதே குழியில் குறைந்தது மூன்று தடவை விழுந்திருக்கிறேன், மூன்றாம் தடவை அச்சிடும் வரியை நீக்கியதும் வழு மறைந்துபோனதால் வழுவே இருக்கவில்லை என்று முடிவுகட்டி ஒரு கருவியை ஒப்படைத்தும் இருக்கிறேன்.

அளக்க வேண்டுமானால் கையாளிக்குள் நுழைந்ததும் உதிரி ஊசியொன்றை உயர்த்துங்கள், வெளியேறும்போது தாழ்த்துங்கள். அலைவுகாட்டியின் ஒரு தடத்தில் பூச்சியக் கடப்புத் துடிப்பையும் மறு தடத்தில் அந்த ஊசியையும் வைத்து, வரைவுகள் திரையில் அழியாமல் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி விட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். திரும்பி வரும்போது இரண்டாம் தடத்தின் விளிம்பு தடித்த பட்டையாக மாறியிருக்கும். அந்தப் பட்டையின் அகலந்தான் உங்கள் நடுக்கம். அதன் வலது ஓரத்தில் தனியே விலகி நிற்கும் ஓரிரு மெல்லிய கோடுகள் மின்குமிழில் நீங்கள் காணும் மினுங்கல்.

அலைவுகாட்டியின் நிலமுனையை ஒப்டோகப்ளரின் இந்தப் பக்கத்தில் மட்டும் கொளுவுங்கள். அந்தப் பக்கம் 230 வோல்ற். கொளுவினால் அலைவுகாட்டியும் போகும், ஆளும் போகலாம்.

பெப்ரவரி 13, காலை 5.50

துலா உதாரணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. கையாளியைச் சுருக்கமாக எழுதினால் எல்லாம் சரியாகும் என்ற எண்ணத்தை அது தருகிறது. பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் நம்பினேன். உங்கள் கையாளி 2 மைக்ரோ செக்கனில் முடியலாம். ஆனால் அது எப்போது தொடங்கும் என்பதை அது தீர்மானிப்பதில்லை. உங்களுக்கு முகந்தெரியாத வேறோர் இயக்கி ஏதோவொரு பூட்டை (பொதுத் தரவை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடவிடும் ஏற்பாட்டை) பிடித்துக்கொண்டு, அந்தக் கருவில் குறுக்கீடுகள் அனைத்தையும் 300 மைக்ரோ செக்கன் மூடி வைத்திருந்தால், உங்கள் மிக மோசமான தாமதம் 300 இலிருந்துதான் தொடங்கும். உங்கள் சுருக்கம் அடுத்தவருக்குச் செய்யும் உபகாரம். உங்கள் நேரந்தவறாமை அடுத்தவர் உங்களுக்குச் செய்யும் உபகாரம். ஒரே கிணற்றில் பங்கு வைத்திருக்கும் நான்கு தோட்டக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எவர் மூடி வைத்திருக்கிறார் என்று பார்க்க லினக்ஸின் தடங்காண் கருவிகளில் ‘ஐஆர்கியூஸ்ஓஃப்’ என்று ஒன்று உண்டு. குறுக்கீடுகள் மிக நீண்ட நேரம் மூடப்பட்டிருந்த இடத்தைச் செயற்கூறின் பெயரோடு காட்டும். கர்னலைத் தொகுக்கும்போதே அதைச் சேர்த்திருக்க வேண்டும். அதற்கு முன்னர் ‘ப்ரொக்’ அடைவிலுள்ள ‘இன்டரப்ட்ஸ்’ கோப்பை ஒருதரம் வாசியுங்கள். நான்கு கரு இருந்தும் முதற்கருவின் நெடுவரிசையில் மட்டும் எண்கள் ஏறிக்கொண்டிருந்தால், வைஃபையும் உங்கள் ஊசியும் ஒரே வாசலில் முட்டிக்கொள்கின்றன என்று பொருள்.

பெப்ரவரி 16, பிற்பகல் 2.10

நிகழ்நேரக் கர்னல் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், ஒருவர் சற்றுக் கோபமாகவே. ‘ப்ரிஎம்ட் ஆர்டி’ என்ற அந்தத் திருத்தத் தொகுதி நெடுங்காலம் வெளியே வளர்ந்து, 2024 இல் 6.12 ஆம் பதிப்போடு மூல லினக்ஸுக்குள் வந்துவிட்டது. அது நல்ல சாமான். பெரும்பாலான குறுக்கீட்டுக் கையாளிகளை அது திரெட்டுகளாக்கிவிடும். சாதாரணச் சுழற்பூட்டுகள் (பூட்டு கிடைக்குமட்டும் கரு சும்மா சுழன்று காத்திருப்பவை) குறுக்கீட்டை மூடாத, தூங்கக்கூடிய பூட்டுகளாக மாறும். ஆகவே மோசமான தாமதத்துக்கு ஓர் எல்லை கிடைக்கும்.

ஆனால் அதை ஏற்றியதுமே மினுங்கல் நின்றுவிடும் என்று எண்ணி ஏமாறாதீர்கள். குறுக்கீட்டுத் திரெட்டுகள் எல்லாம் இயல்பில் ஒரே முன்னுரிமையில், 50 இல், பிறக்கின்றன. உங்களுடையதை நீங்கள்தான் உயர்த்த வேண்டும். பூச்சியக் கடப்பின் கையாளியைத் திரெட்டாக்க வேண்டாம் என்று பதிவுசெய்யும்போதே சொன்னால், அதற்குள் சாதாரணச் சுழற்பூட்டைத் தொட முடியாது, பழையபடி தூங்காமல் சுழலும் ‘ரோ’ வகைப் பூட்டுத்தான் தேவை. உயர் துல்லிய ரைமரும் அங்கே இயல்பில் மென்குறுக்கீட்டிலேயே, அதாவது கையாளி முடிந்த பின்னர் கர்னல் ஆறுதலாக ஓட்டும் பகுதியிலேயே, ஓடும். கடின வகை என்று வெளிப்படையாகக் கேட்காவிட்டால், கையாளி நேரத்துக்கு வந்தும் தூண்டல் பிந்தும். இந்த மூன்றாவதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வார இறுதி போனது.

முன்னுரிமை என்றதும் 1997 இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் நினைவுக்கு வருகிறது. அதில் வானிலைத் தரவு திரட்டும் தாழ்ந்த முன்னுரிமை வேலையொன்று ஒரு பூட்டைப் பிடித்திருக்க, உயர்ந்த முன்னுரிமை வேலை அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்தது. நடுவில் இருந்த வேலைகள் தாழ்ந்ததை ஓடவிடவில்லை, ஆகவே உயர்ந்ததும் ஓட முடியவில்லை, கணினி மீண்டும் மீண்டும் தன்னைத்தானே மீள்தொடக்கியது. பூட்டைப் பிடித்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைக் கடனாகக் கொடுக்கும் ஏற்பாட்டைப் பூமியிலிருந்து இயக்கிவிட்டபின் சரியானது. நிகழ்நேர லினக்ஸில் அந்தக் கடன் ஏற்பாடு பூட்டுகளுக்குள்ளேயே இருக்கிறது.

பெப்ரவரி 20, இரவு 11.55

இன்று சற்று நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்தச் சம்பவந்தான் என் கருத்தை மாற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மயிலிட்டியிலிருந்து தொழிலுக்குப் போகும் படகுகளில் பொருத்த, இருப்பிடத்தைப் பதியும் சிறு கருவியொன்றைச் செய்தேன். அதன் மூளை எஸ்டிஎம்32எஃப்103 என்ற நுண்கட்டுப்படுத்திச் சில்லு, 72 மெகாஹேர்ட்ஸ். 9600 வேகத்தில் பேசும் ஜிபிஎஸ் கூறு. பதிவுகள் சில்லின் உள்ளேயே இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில். ஜிபிஎஸ் அனுப்பும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறுக்கீடு. ஓர் எழுத்து வர ஏறத்தாழ 1 மில்லி செக்கன் ஆகும். 72 மெகாஹேர்ட்ஸ் சில்லுக்கு அது ஒரு யுகம். கையாளியில் மொத்தம் ஆறு வரி. அதைவிடச் சுருக்கமாக எழுத இயலாது என்று பெருமையோடு இருந்தேன்.

கடலிலிருந்து வந்த பதிவுகளில் இடைக்கிடை ஒரு வரி சரிபார்ப்புத் தொகை பிழைத்து வந்தது. முதலில் அன்டெனாவைக் குற்றஞ்சாட்டினேன். பிறகு உப்புக்காற்றை. பிறகு எஞ்சினின் தீப்பொறியை. அந்த எஞ்சின் டீசல், அதில் தீப்பொறிச் செருகியே இல்லை என்று படகுக்காரர் பொறுமையாக விளக்கினார். கருவியை வீட்டு மொட்டைமாடியில் வைத்தபோதும் வரிகள் பிழைத்தன. ஒரு மாலை, பிழைத்த வரிகளின் இலக்கங்களைக் கொப்பியில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் கழித்துப் பார்த்தேன்: 32, 32, 32, 64, 32. இயற்கை இவ்வளவு ஒழுங்காகக் குழப்பம் செய்யாது.

ஒரு பதிவு 32 பைட். அந்தச் சில்லில் ஃபிளாஷின் ஒரு பக்கம் 1024 பைட். 32 பதிவுக்கு ஒரு தடவை அடுத்த பக்கத்தை அழிக்கிறேன். தரவுத்தாளின்படி ஒரு பக்கத்தை அழிக்க 20 முதல் 40 மில்லி செக்கன் எடுக்கும். அந்த நேரம் முழுவதும் ஃபிளாஷிலிருந்து எதையும் வாசிக்க முடியாது. என் நிரல் இருப்பதும் அதே ஃபிளாஷில்தான். ஆகவே குறுக்கீடு வந்தாலும் கையாளியின் முதற்கட்டளையைக்கூட எடுக்க முடியாமல் மையச் செயலகம் உறைந்து நிற்கிறது. அந்தத் தொடர் வாயிலில் வந்த எழுத்தைப் பிடித்து வைக்க ஒரேயொரு பதிவகந்தான் உண்டு; அடுத்தடுத்த எழுத்து வந்து மேலே விழ, நிறைவு வழிந்ததைச் சொல்லும் கொடி ஏறுகிறது. அந்தக் கொடியை நான் ஒருநாளும் வாசித்ததில்லை. 70 எழுத்து வரியில் 20 முதல் 40 எழுத்து காற்றோடு போயிற்று. 64 என்று வந்த இடத்தில் அழிப்பு வரிகளுக்கு இடையிலிருந்த வெறுமையில் விழுந்து தப்பியிருக்கிறது.

அங்கே குறுக்கீட்டை ஒருவரும் மூடவில்லை, பூட்டு இல்லை, முன்னுரிமைத் தகராறு இல்லை, கையாளி ஆறு வரி. அப்படியிருந்தும் 40 மில்லி செக்கன் தாமதம். எழுத்துகளை நினைவகத்துக்குக் கொண்டுபோகும் பொறுப்பை, செயலகத்தின் உதவியின்றித் தரவை நகர்த்தும் டிஎம்ஏ என்ற வன்பொருள் வசம் கொடுத்து, நிறைந்ததும் தொடக்கத்திலிருந்து மீண்டும் நிரம்பும் வட்டப் பஃபர் ஒன்றை அமைத்தேன். அது ஃபிளாஷைத் தொடாமல் வாயிலிலிருந்து நேரே நினைவகத்துக்கு எழுதுவதால், செயலகம் உறைந்திருக்கும்போதும் எழுத்துகள் வந்து சேர்ந்தன. எழுத்துக்கு ஒரு குறுக்கீடு என்றிருந்தது பஃபரின் பாதிக்கு ஒன்றென ஆனது. அந்த ஒன்று எப்போது வந்தாலும் எனக்குக் கவலையில்லை.

அன்று முதல் இயக்கி எழுதத் தொடங்கும்போது ஒன்றைத்தான் முதலில் கேட்கிறேன்: இந்தக் குறுக்கீடு பிந்தினால் எது அழிந்துபோகும்? அழிந்துபோகும் அந்தப் பொருளை, அது ஓர் எழுத்தாயினும் சரி ஒரு கணமாயினும் சரி, வன்பொருளே பிடித்து வைக்கும்படி செய்ய வழி இருக்கிறதா? இருந்தால் கையாளியை வேகமாக்கும் பாட்டை விட்டுவிடலாம்.

பெப்ரவரி 21, காலை 7.00

மேலேயுள்ளதற்கு ஒரு வாசகரின் மறுப்பு: கையாளியை ஃபிளாஷிலிருந்து ராமுக்கு, அதாவது வேலை நினைவகத்துக்கு, மாற்றினால் போதுமே, டிஎம்ஏ எதற்கு? நியாயம். கையாளியோடு குறுக்கீட்டு முகவரி அட்டவணையையும் ராமுக்கு மாற்ற வேண்டும், கையாளி அழைக்கும் ஒவ்வொரு செயற்கூறும் ராமில் இருக்க வேண்டும். ஒன்றை மறந்தாலும் பழையபடி உறையும். நான் மறப்பேன்.

பெப்ரவரி 21, இரவு 8.30

முன்னுரிமை எண்களைப் பற்றி ஒரு பாவமன்னிப்பு. கோர்டெக்ஸ் எம் வகைச் சில்லுகளில் எண் குறையக் குறைய அவசரம் கூடும். எஸ்டிஎம்32எஃப்103 இல் 0 முதல் 15 வரை. என் முதற்கருவியில் மிக அவசரமான குறுக்கீட்டுக்கு, பெரிய எண் பெரிய ஆள் என்ற நம்பிக்கையில், 15 ஐக் கொடுத்து வரிசையின் வாலில் நிறுத்தினேன். ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சிறு நிகழ்நேர இயங்குதளத்தைப் போட்டிருந்தால் இன்னொரு கண்ணியும் உண்டு: எண்ணைக் கொடுக்க மறந்தால் அது 0 ஆகவே இருக்கும், அதாவது ஆக அவசரம், அந்த உயரத்திலிருந்து இயங்குதளத்தின் எந்தச் சேவையையும் அழைக்கக் கூடாது. அழைத்தால் சில நாள் ஓடும், பிறகு ஓர் அதிகாலையில் விழும்.

பெப்ரவரி 24, இரவு 9.40

இனிச் சுன்னாகத்துப் பெட்டிக்கு வருவோம். பெப்ரவரி 9 அன்று நான் கொடுத்த ஆலோசனை, கர்னலுக்குள் இயக்கி எழுதுங்கள் என்பது, பிழையென்று சொல்லமாட்டேன். நீண்ட சுற்றுவழி என்று சொல்வேன். பையை வெப்பநிலைக் கணக்குக்கும் வலைப்பக்கத்துக்கும் விட்டுவிட்டு, நீல நிற எஸ்டிஎம்32எஃப்103 பலகையொன்றிடம் தூண்டும் வேலையை ஒப்படைக்கச் சொன்னேன். இரண்டுக்கும் நடுவே தொடர் இணைப்பில் ‘தாமதம் 5200 மைக்ரோ செக்கன்’ என்பது போன்ற ஒரு செய்தி மட்டும் போகும்.

அந்தச் சில்லில் குறுக்கீடு வந்து 12 கடிகாரத் துடிப்பில் கையாளி தொடங்கும். 72 மெகாஹேர்ட்ஸில் அது 167 நானோ செக்கன். ஃபிளாஷ் காத்திருப்பும் சேர்ந்தால் சற்றுக் கூடும். பைக்குப் பழகியவருக்கு அந்த எண்ணே போதை தரும். ஆனால் படகுக் கதைக்குப் பின்னர் அந்த 12 ஐயும் நம்பியிருக்க எனக்கு மனமில்லை. அதன் பொதுப்பயன் ரைமர்களில் ஒற்றைத் துடிப்பு முறை என்று ஒன்று உண்டு: வெளியிலிருந்து விளிம்பொன்று வந்ததும் ரைமர் தானாக எண்ணத் தொடங்கும், ஒப்பீட்டுப் பதிவகத்தின் பெறுமானத்தை எட்டியதும் வெளியீட்டு ஊசியை உயர்த்தும், எல்லைப் பெறுமானத்தில் தாழ்த்திவிட்டுத் தானாக நிற்கும். பூச்சியக் கடப்பைக் காண்பது, காத்திருப்பது, தூண்டுவது ஆகிய மூன்றிலும் மென்பொருளுக்கு ஒரு வரி வேலையும் இல்லை. குறுக்கீடு இப்போதும் உண்டு, ஆனால் அதன் வேலை அடுத்த அரையலைக்கான தாமதத்தை எழுதி வைப்பது மட்டுமே. அது 2 மில்லி செக்கன் பிந்தினாலும், பழைய தாமதத்தோடு இன்னோர் அரையலை போகும், அவ்வளவுதான். ஒப்பீட்டுப் பதிவகத்தின் புதிய பெறுமானத்தை முன்கூட்டியே ஏற்றிவைத்து அடுத்த சுற்றிலிருந்து பயன்படுத்தும் வசதியை இயக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் எண்ணிக்கொண்டிருக்கும்போதே பெறுமானம் மாறி ஓர் அரையலை தப்பும்.

எல்லைப் பெறுமானத்தை 8.5 மில்லி செக்கனாக வைத்தோம். அதற்குமேல் எஞ்சும் அலைத்துண்டில் ஏறத்தாழ 2 சதவீத வலுத்தான் உண்டு. தூண்டலை 10 வரை நீட்டினால் அது அடுத்த அரையலைக்குள் வழிந்து முழு வெளிச்சத்தில் எரியும்.

எச்11ஏஏ1 இன் துடிப்பு உண்மையான பூச்சியத்துக்குச் சற்று முன்னரே எழும் என்பதையும் கணக்கில் எடுங்கள். துடிப்பின் நடுப்பகுதிதான் பூச்சியம். அகலத்தின் அரைவாசியைத் தாமதத்தோடு கூட்டினால் சரி.

மார்ச் 3, இரவு 7.45

இதை எழுதும்போது மின்தடை. மடிக்கணினியின் மின்கலத்தில் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு மின்பிறப்பாக்கி இரைகிறது, அதுவே இன்றைய பாடமும்.

முதல் மூன்று நாளும் மின்குமிழ் கல்லுப்போல நின்றெரிந்ததாம். நான்காம் நாள் மின்தடையின்போது சிறிய பெற்றோல் மின்பிறப்பாக்கியில் பெட்டியை ஓடவிட்டிருக்கிறார். அது தரும் அலையை அலைவுகாட்டியில் பார்த்தால் கடல் அலை போலவே இருக்கும்: பூச்சியத்துக்கு அருகில் பல்லுப்பல்லாக ஏறி இறங்கி, ஒரு கடப்புக்குப் பதிலாக நாலைந்து கடப்புகளைக் காட்டும். பழைய கர்னல் இயக்கியாக இருந்தால் அத்தனைக்கும் குறுக்கீடு வந்து, ரைமர் திரும்பத் திரும்ப முடுக்கப்பட்டு, தூண்டல் தாறுமாறாகியிருக்கும். ஒற்றைத் துடிப்பு முறையில், ரைமர் ஓடிக்கொண்டிருக்கும் 8.5 மில்லி செக்கனுக்குள் வரும் எந்த விளிம்பையும் அது சட்டை செய்வதில்லை. அதை நான் திட்டமிட்டுச் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை, தற்செயல். முடுக்கும் முறைக்குப் பதிலாக மீட்டமைக்கும் முறையைத் தெரிவுசெய்திருந்தால் ஒவ்வொரு பல்லும் எண்ணிக்கையைப் பூச்சியத்துக்குத் திருப்பியிருக்கும்.

மீடிறனும் நிலையாக இருக்காது. சுமை ஏற 48, இறங்க 52 ஹேர்ட்ஸ் என்று அலையும். 52 இல் அரையலை 9.6 மில்லி செக்கன், 8.5 க்கு இன்னும் இடமிருக்கிறது. ஆனால் 5 மில்லி செக்கன் இப்போது சரி அரைவாசியல்ல. ஆகவே எஞ்சியிருந்த குறுக்கீட்டுக்கு ஒரு வேலை கிடைத்தது: இன்னொரு ரைமரின் உள்ளீட்டுப் பிடிப்பால் இரு கடப்புகளுக்கு இடையிலான நேரத்தை எடுத்து, தாமதத்தை அதற்கேற்ற விகிதத்தில் எழுதுவது. கடப்பின் கணத்தை வன்பொருள் பதிவகத்தில் உறையவைத்துவிடுவதால், கையாளி எப்போது வாசித்தாலும் எண் சரியாகவே இருக்கும். 8 மில்லி செக்கனுக்குக் குறைவான இடைவெளியைப் பல் என்று கொண்டு தள்ளிவிடுகிறோம்.

குறுக்கீட்டு வெள்ளம் பற்றி ஒருவர் கேட்டதற்கு இங்கேயே பதில். லினக்ஸ் இதற்கு ஒரு மடையை வைத்திருக்கிறது: ஒரு தடத்தில் வரும் 100000 குறுக்கீடுகளில் 99900 க்கு மேற்பட்டவற்றை எந்தக் கையாளியும் தனதென ஏற்காவிட்டால், ‘ஒருவரும் கவனிக்கவில்லை’ என்று பதிந்துவிட்டு அந்தத் தடத்தையே மூடிவிடும். ஆனால் உங்கள் கையாளி எல்லாவற்றையும் ‘என்னுடையதுதான்’ என்று ஏற்றுக்கொண்டிருந்தால் அந்த மடை விழாது, கரு மூச்சுத்திணறும். தன்னுடையதா என்று சாதனத்தின் நிலைப் பதிவகத்தைப் பார்க்காமலே தலையாட்டும் கையாளிகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். ஒன்றிரண்டை எழுதியும் இருக்கிறேன்.

மார்ச் 4, காலை 6.10

சிறு திருத்தம். 8 மில்லி செக்கனுக்குக் குறைவானதைத் தள்ளுகிறோம் என்றேன். தள்ளிய பல்லிலிருந்து அடுத்த அளவைத் தொடங்கக் கூடாது. ஏற்றுக்கொண்ட கடைசிக் கடப்பிலிருந்தே அளக்க வேண்டும். நேற்றிரவு அனுப்பிய நிரலில் பல்லிலிருந்து அளந்திருந்தேன். கேட்டவரே கண்டுபிடித்துத் திருத்திவிட்டார்.

மார்ச் 9, இரவு 10.05

முட்டைகளை வைத்துவிட்டாராம், 36. கோழிமுட்டைக்கு 21 நாள். வைஃபையில் பெரிய கோப்பை இறக்கினார், பையை ஓடிக்கொண்டிருக்கும்போதே மீள்தொடக்கினார், மின்குமிழ் அசையவில்லை.

அந்த மீள்தொடக்கத்தில்தான் எஞ்சியிருந்த ஓட்டை தெரிந்தது. பை எழும்பாமலே போனால் நீலப் பலகை கடைசியாகக் கேட்ட தாமதத்தோடு நாள்முழுக்கத் தூண்டிக்கொண்டிருக்கும். பகல் வெயில் ஏறினால் முட்டை அவிந்துவிடும். 5 செக்கன் செய்தி வராவிட்டால் தூண்டலை நிறுத்தச் சொல்லலாம், ஆனால் பை எழும்பவே அரை நிமிடமாவது ஆகும், அதற்குள் ஒவ்வொரு தடவையும் விறாந்தை இருளும். இரண்டு நிமிடம் என்று முடிவுசெய்து, வெப்பநிலை உணரியொன்றைப் பலகையிலும் பொருத்தி, 38.5 பாகையைத் தாண்டினால் பையைக் கேளாமலே நிறுத்தும்படி எழுதியிருக்கிறோம். அந்தச் சோதனை செக்கனுக்கு ஒரு தடவை முதன்மைச் சுழலில் ஓடுகிறது. அதற்குக் குறுக்கீடு வைக்கவில்லை.